பம்ப் கட்டிய இன்னொருவர்

"தம்பி, இத எப்புடி நிப்பாட்டுறது?" என்று பரமசிவம் அண்ணனின் மனைவி செல்வி அக்கா தொலைபேசியில் கேட்டபோது நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் குரலுக்குப் பின்னால் இன்சுலின் பம்ப் கத்துவது கேட்டது. அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். "அவரு போய்ட்டாரு தம்பி. விடியக்காலம் நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரியில இத கழட்டிக் குடுத்துட்டாங்க. பைக்குள்ள கெடந்து கத்துது." மூடியை ஒரு காசால் திருகி பேட்டரியை எடுக்கச் சொன்னேன். சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

பலாங்கொடை பஜாரில் அவர் கடைக்குப் போய் வந்த உங்களுக்கு அவர் மருந்தடிக்கிற பம்ப் திருத்துகிறவர். சிங்களச் சனத்துக்கு 'பாஸ்', கைத்தொழில் தெரிந்தவர். சட்டைக்கு அடியில் அவரும் ஒரு பம்ப் கட்டியிருந்தது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய், நாள் முழுக்கத் துளித்துளியாய் இன்சுலின். அவருக்குக் கனடாவிலிருந்து மகள் அனுப்பியது. எனக்கு லண்டனிலிருந்து மச்சான். பம்ப்தான் ஆளை முடித்ததா என்று சாவு வீட்டில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். இல்லை. மாரடைப்பு.

இரத்தினபுரியில் கிளினிக் வரிசையில்தான் சந்தித்தோம். எங்கோ 'பீப்' என்றது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இடுப்பைத் தடவினோம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பதினாறு வயதிலிருந்து எனக்கு இந்த வருத்தம், சர்க்கரை நோய். சீனி வருத்தம் என்றால் எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் வைத்தியர். பாகற்காயை அரைத்துக் குடிக்கச் சொல்லாதவர் இல்லை. அன்றுதான் வைத்தியம் சொல்லாத ஒரு மனிதரைக் கண்டேன். "ராத்திரி எந்தப் பக்கம் படுக்கிறீங்க? குழாய் மடங்குதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு மழை நாள். றக்வானப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. எனக்கு வாந்தி, பம்ப் அடைத்துவிட்டதென்று திரையில் காட்டியது. கடைக்கு அழைத்தேன். செல்வி அக்கா எடுத்தார்.

"அக்கா, பம்ப் அடைச்சிருச்சு. அண்ணனக் கூப்புடுங்க."

"கொண்டாந்து போடுங்க தம்பி. இன்னிக்கு நெறைய கெடக்கு. வியாழக்கெழம தர்றோம்."

"அதில்லக்கா. மருந்து வயித்துக்குள்ள... வாந்தியா வருது."

அவ்வளவுதான். நான் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டேன் என்று அக்கா போட்ட கூச்சலில் பஜாரே கடை வாசலில் கூடிவிட்டதாம். அண்ணன் ஃபோனை வாங்கினார். "கிளாக்கரய்யா, மொதல்ல ஊசியப் போடுங்க. பம்ப பொறவு திட்டலாம்" என்றார். ஊசி போட்டேன், குழாயை மாற்றினேன். சீனி இறங்கும்வரை அரைமணிக்கு ஒரு தடவை அழைத்தார். பின்னால் யாரோ சிங்களத்தில் ஆணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "டிங்கக் இன்ன" என்று அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு என் சீனி எண்ணைக் கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எண்ணை மட்டும் அனுப்பிக்கொள்வோம். நூற்றுப் பன்னிரண்டு என்பார். நான் நூற்று முப்பது என்பேன். நலமா என்றெல்லாம் கேட்பதில்லை. எண்ணிலேயே எல்லாம் இருந்தது. நான் சில நாள் பொய் அனுப்பினேன். இருநூற்றைத் தாண்டினால் நூற்று நாற்பது என்று போடுவேன். கண்டுபிடித்துவிட்டார். "நம்பருக்கு வெக்கம் கெடையாது தம்பி. நமக்குத்தான் இருக்கு. எங்கிட்டயே மறைச்சா வேற யாருகிட்ட சொல்லுவீங்க?" என்றார். நான் பேச்சை மாற்றினேன். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

அவர் போய் ஒரு மாதமாகிறது. காலையில் விரலைக் குத்தி எண்ணைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை பேர் உள்ள தோட்டத்தில் அந்த எண் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. இவ்வளவு தனிமையை நான் எதிர்பார்க்கவில்லை.

'வேற யாருகிட்ட சொல்லுவீங்க' என்று அவர் கேட்டதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை என் மனைவி தட்டிலிருந்து சாயத்தண்ணி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போல "எவ்வளவுங்க?" என்றாள். நானும் வழக்கம்போல "பரவால்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"எரநூத்தி எம்பத்தாறு."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது நல்லதாங்க, கெட்டதாங்க?"

கல்யாணமாகிப் பதினொரு வருடம். எது நல்ல எண், எது கெட்ட எண் என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.