மாமனாரின் பெயரைச் சொன்ன நாள்

என் மூத்த மகனுக்கு மாமனாரின் பெயரைத்தான் வைத்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான், பெற்ற பிள்ளையைச் “சாமி” என்றே கூப்பிட்டேன். பாலக்கோட்டுப் பக்கம் பல பேருடைய செல்லப்பெயர்கள் இப்படி வாயடைக்கப்பட்ட அம்மாக்கள் வைத்தவை. அங்கன்வாடி டீச்சர் மட்டும் அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அவனுக்கு நாலு வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்தில் கரும்பு வெட்டு நடந்தது. வெட்ட வந்தவர்களின் பிள்ளைகளும் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் டிரெய்லரோடு ரிவர்ஸில் வந்தது. என் மகன் பந்தை எடுக்கச் சக்கரத்துக்கு நேராக ஓடினான்.

“சாமி, சாமி” என்று கத்தினேன். வேறு இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா அம்மாவுக்கும் பிள்ளை சாமிதானே. அவன் திரும்பவில்லை. “டேய்” என்று தொடங்கி முழுப்பெயரையும் சொல்லி, “நில்றா அங்கயே” என்று அலறினேன். அவன் நின்றுவிட்டான். சக்கரம் பந்தை நசுக்கிக்கொண்டு போயிற்று.

அவனைத் தூக்குவதற்குள் என் முதுகில் அடி விழுந்தது. மாமனாரின் கையில் ஒரு முழுக் கரும்பு.

“ஆளுங்க முன்னால எம்பேர டேய் போட்டுக் கூப்புடறயா?”

“புள்ளயத்தானுங்க மாமா கூப்ட்டேன். வண்டில மாட்டியிருப்பான்.”

அடுத்த அடி காதுக்கு மேல். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கரும்பு முறிந்தும் அவர் விடவில்லை, கையிலிருந்த துண்டை ஓங்கினார். என் கணவர் பத்தடி தள்ளி நின்று, “வுடுங்கப்பா” என்றார். கிட்டே வரவில்லை. அவர் நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. மாமனார் ஓங்கிய கையைப் பிடித்து மணிக்கட்டைக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவர் என் முடியைப் பிடித்து இழுக்க இழுக்க நான் பல்லை எடுக்கவில்லை. கரும்பு வெட்ட வந்த இரண்டு பெண்கள்தான் எங்களைப் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். “யாரு அடிச்சது?” என்று டாக்டர் கேட்டார்.

“வழுக்கி வுழுந்துட்டா சார்” என்றார் கணவர்.

நான் மாமனாரின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்த மாதமே தருமபுரியில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். போன வருஷம் ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட மாமனாரே போன் செய்தார்.

“புள்ளய அவுங்கப்பாகூட அனுப்பறனுங்க. நான் வரலைங்க” என்றேன்.

 “செரி, வெயில் ஏறறதுக்கு முன்னால அனுப்பு” என்றார்.