வளையல் உருண்டைகள்

எனக்கு வாய் நீளம். நானே முதலில் சொல்லிவிட்டால் ஊருக்கு ஒரு வேலை மிச்சம். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறேன். எல்கேஜி பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதும் நான்தான். பெயர் பெரியம்மாள். ஆனால் நான் சொல்ல வந்தது இசைவாணியைப் பற்றி.

இசைவாணி எங்கள் தெருக்காரி. பிளஸ் டூ வரை படித்தவள். வயது முப்பதைத் தொடவில்லை. அவள் புருஷன் சின்னதுரை கரும்பு டிராக்டர் ஓட்டினான். போன சித்திரையில் ஆலைக்குப் போகிற வழியில் வண்டி கவிழ்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு மக்காச்சோளம் உடைக்க, கிழங்கு பிடுங்க, களை எடுக்க என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். அந்த வேலைக்குப் பழகாத உடம்பு. சாயந்திரம் கையை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் மகள் தேவதர்ஷினி எங்கள் பள்ளியில்தான் யூகேஜி படிக்கிறாள்.

எல்கேஜிக்கு ஒரு துணை டீச்சர் தேவைப்படுகிறது என்று பெரிய சிஸ்டர் சொன்னதும், நான் இசைவாணியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கைவேலை தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். "அப்படின்னா இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கடையில ஒண்ணும் வாங்க வேண்டாம். வீட்ல வேண்டாம்னு தூக்கிப் போடுற சாமான்லேயே எல்லாம் செஞ்சுட்டு வா. நல்லா இருந்தா ஜனவரியில வேலைக்கு வந்துடலாம்" என்றார்.

ஒன்றிரண்டு போதாது, நாற்பது செய்ய வேண்டும். லீவு விடுகிற அன்று மரத்தில் தொங்குவதைப் பிள்ளைக்கு ஒன்றாகக் கழற்றிக் கொடுத்தனுப்புவது எங்கள் பள்ளி வழக்கம். அந்தந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைப்பார்கள். பெரும்பாலும் எங்களைப் போல இந்து வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் கிறிஸ்துமஸ் மரமென்றால் அவ்வளவு ஆசை.

அந்தப் பத்து நாளும் வேலை முடிந்ததும் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை உரித்து நட்சத்திரம் செய்தாள். பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துக் குட்டிக் கூண்டு விளக்கு செய்தாள். சாமி படம் போட்ட பக்கத்தை மட்டும் கத்தரிக்காமல் எடுத்து வைத்தாள். சோளக்கதிரின் தோலைத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, பாவாடை கட்டின மாதிரி தேவதைகள் செய்தாள். எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு வந்தது. அதற்கு மேல் அந்த வீட்டில் தூக்கிப் போட ஒன்றுமில்லை. ஏழை வீட்டில் குப்பைக்குக்கூடப் பஞ்சம்தான்.

அப்போதுதான் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு அட்டை டப்பாவை எடுத்தாள். உள்ளே கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு, தங்கப்புள்ளி வைத்த நீலம். திருவிழாவுக்குத் திருவிழா சின்னதுரை வாங்கிக் கொடுத்தது. கருமாதிக்கு அவள் கையில் கிடந்ததை மட்டும்தான் உடைத்தார்கள். டப்பாவில் இருந்ததை ஆற்றில் விடச் சொல்லியிருக்கிறாள் மாமியார். இவளுக்கு மனசு வரவில்லை. போட்டுக்கொள்ளவும் முடியாது, வேறு ஒருத்திக்குக் கொடுத்தால் வாங்கவும் மாட்டாள்.

"இதுவும் வேணாங்கற சாமான்தானேக்கா?" என்று கேட்டாள்.

"வேற இன்னாத்துக்கு ஆவப் போவுது? எடு" என்றேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு வளையலுக்குள் இன்னொன்றைக் குறுக்கே விட்டு, அதற்குள் இன்னொன்றை விட்டு, மேலேயும் கீழேயும் ஜரிகை நூலால் இறுக்கிக் கட்டினாள். உருண்டையாக நின்றது. நடுவில் ஒரு மணி தொங்கியது. அப்படிப் பன்னிரண்டு. பள்ளிக்குக் கொண்டுபோய் மரத்தில் மாட்டி ஜன்னலைத் திறந்தபோது வெயில் பட்டுச் சுவரெல்லாம் பச்சையும் சிவப்புமாக ஆடியது. பிள்ளைகள் சுவரைப் பிடிக்க ஓடின. சிஸ்டர் இசைவாணியின் தோளைத் தட்டி, "ஜனவரி ரெண்டாம் தேதி வந்துடு" என்றார். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைச் சித்திரைக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள் ராதிகா. நிலபுலம் உள்ள வீட்டு மருமகள், நல்ல மாதிரியான பெண்தான். வளையல் உருண்டையைக் கையில் ஏந்திப் பார்த்து, "எங்கக்கா வாங்குனீங்க? இன்னா அழகா கீது!" என்றாள்.

பேசாமல் பெருக்கிக்கொண்டு போயிருக்கலாம். என்னால் முடியுமா? "வாங்குறதா? நம்ம இசைவாணி அவ வளையலயே கோத்துச் செஞ்சது. இன்னா கை பாத்தியா!" என்றேன்.

"எந்த இசைவாணி? டிராக்டர் கவுந்து செத்துப் போனாரே, அவரு சம்சாரமா?"

"அவளேதான்" என்றேன், பெருமையாக.

ராதிகா உருண்டையை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது.

இதை நான் மறந்ததுதான் அதிசயம். நானும் தாலியறுத்தவள்தான், பதினெட்டு வருஷமாகிறது. விளக்குமாறு பிடித்தவளிடம் யாரும் சகுனம் பார்ப்பதில்லை. எத்தனை மணிக்கு வந்தாலும், யார் எதிரே நின்றாலும், கூட்டினால் போதும். அப்படியே பழகி, அந்தக் கணக்கே உலகத்தில் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பொம்பளைகள். "அறுத்தவ வளையல எங்க வூட்டுக்குள்ள கொண்டாரணுமா?" என்று ஒருத்தி. "வயசுக்கு வரப்போற பொண்ணு இருக்கிற வூடுங்க" என்று இன்னொருத்தி. சிஸ்டர் பொறுமையாக, "வெறும் கண்ணாடிம்மா இது" என்றார். "ஒங்களுக்கு இன்னா சிஸ்டர், புருசனா கீறாரு பயப்பட?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். சிஸ்டர் முகம் சிவந்துவிட்டது.

"அவளத்தான் டீச்சரா வெக்கப் போறீங்களாமே? தெனமும் புள்ளய வுட வரப்போ அவ மொகத்துலதான் முழிக்கணுமா?" என்றாள் ராதிகா. கத்தவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள். என்னைத் தாண்டித்தான் அவள் உள்ளே வந்திருந்தாள். தன் பிள்ளையின் பையை என் கையில்தான் கொடுத்திருந்தாள்.

எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. அந்தப் பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். இந்த வேலை போனால் எனக்கும் வேறு போக்கு இல்லை.

பன்னிரண்டு உருண்டையையும் சிஸ்டரே கழற்றினார். வேலையைப் பற்றி, "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்து, "நீயே கொண்டுபோய்க் குடுத்துடு பெரியம்மா" என்றார்.

இசைவாணி மக்காச்சோளக் களத்தில் இருந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினுக்குக் கதிர் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். டப்பாவைத் திறந்து பார்க்காமலே வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஒரு உருண்டையாவது உடைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

"நாந்தான் சொன்னேன் இசைவாணி. ராதிகாகிட்ட நாந்தான் வாய வுட்டேன்."

"தெரியும்க்கா. ஸ்கூல் கேட்டாண்ட பொம்பளைங்க நின்னு பேசிக்கினு இருந்தாங்க, பாப்பாவ வுட வந்தப்போ என் காதுலயும் வுழுந்துச்சி."

"திட்டணும்னா திட்டுடி."

"எதுக்குத் திட்டணும்? என்னப் பத்திப் பெருமயாத்தான் சொல்லியிருப்ப."

அந்த வார்த்தை கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். சிஸ்டரிடம் மறுபடி பேசிப் பார்க்கிறேன், சின்னசேலத்தில் தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, அங்கே நானே வந்து சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"வேணாங்க்கா. இனிமே என்னப் பத்தி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. நல்லதுகூடச் சொல்லாத."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அழுது, சமாதானமாகி வீடு வந்து சேர்ந்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.