நட்டநடு சாரின் கிடங்கு

மெத்தைக் கம்பெனியின் திட்டப் பிரிவில் வேலை பார்த்த அவருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆபீசில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. நட்டநடு சார் என்றால்தான் தெரியும். எதற்கும் நடுப்புள்ளி கண்டுபிடித்தாக வேண்டும் அவருக்கு. எல்லோருக்கும் சமதூரத்தில் இருக்கட்டுமென்று வீட்டுக் குப்பைக்கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்தார். குடும்பமே பாரபட்சமில்லாமல் இடறி விழுந்தது.

கம்பெனிக்கு நான்கு கிடங்குகள். நான்கிலும் மெத்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மூடி ஒன்றே ஒன்று வைத்தால் தேங்கும் சரக்கு பாதியாகும். ஆனால் லாரி கூடுதல் தூரம் ஓடும். ஆகவே அந்த ஒன்றை, வாங்குகிறவர்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். மூன்று மாதம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தி அந்தப் புள்ளியைப் பிடித்தார் நட்டநடு சார். முதலாளி ஒப்புக்கொண்டால் திட்டப் பிரிவுத் தலைமை அவருக்குத்தான். மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லியே விட்டாள்.

ஒன்பது வருடக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடும் நாளன்று முதலாளியும் நட்டநடு சாரும் அந்த நடுப்புள்ளி ஊருக்குப் போனபோது கம்பெனியின் லாரி டிரைவரும் கூடப் போனார். முதலாளி புதுக் கிடங்கின் உள்ளே கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது டிரைவர் மெதுவாகக் கேட்டார்:

"சார், பதினோரு வருசமா ஓட்டுறேன். இந்த ஊர்ல ஒரு தலகாணிகூட எறக்கினதில்லையே?"

"என்னப்பா சொல்ற? அந்த ஹாஸ்டல்காரங்க இங்கதானே? வருசத்துக்கு ஆறாயிரம் மெத்தை!"

"அவங்க ஆபீஸ்தான் சார் இங்க. பில்லு இங்க வரும். ஹாஸ்டலெல்லாம் எட்டு மணி நேரம் அந்தாண்ட. ஆபீஸ்ல யாரு சார் படுக்கப்போறா? அதாவது, மெத்தை போட்டு?"

நட்டநடு சாருக்கு அப்போதுதான் புரிந்தது. பில் போகும் முகவரியை மெத்தை போகும் முகவரியாக எடுத்துக்கொண்டு, ஆறாயிரத்தையும் ஒரு மாடி ஆபீசின் தலையில் ஏற்றியிருக்கிறார். சொன்னால் பதவி போகும். சொல்லாவிட்டால் ஒன்பது வருடம் லாரி வெட்டியாக ஓடும். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நடுப்புள்ளி கிடைக்கவில்லை.

"எல்லாம் சரிதானே?" முதலாளி பேனாவைத் திறந்தார்.

"பக்கா சார்."

டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

கையெழுத்தானதும் முதலாளி முதுகில் தட்டினார். "இனிமே நீங்கதான் தலைமை. கிடங்கு எங்க இருக்கோ, திட்டப் பிரிவும் அங்கதான் இருக்கணும்னு உங்க ரிப்போர்ட்லயே எழுதியிருக்கீங்க. பிரமாதம்! ஒண்ணாந்தேதி இங்க வந்துடுங்க."

போனில் மனைவி துள்ளினாள். "நெசமாவா! உங்களுக்குன்னு தனி ரூமெல்லாம் உண்டாங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். தகரக் கூரை. அதற்கப்பால் பொட்டல். பொட்டலில் ஒரு நாய்.

"உண்டு," என்றார். "பெரிய ரூம்தான்."