வாசல் கட்டிலின் மணி

அரியலூரில் அந்த முதியோர் இல்லத்தை நான் தேர்ந்தெடுத்ததே அந்த மணிக்காகத்தான். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பட்டன் தொங்கும். அம்மாவைச் சேர்த்த அன்று, மேனேஜர் வாசலோரக் கட்டிலின் பட்டனை அழுத்திக் காட்டினார். மணி அடித்ததும் ஆயா ஓடிவந்தார். நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

போன் செய்துவிட்டுத்தான் பார்க்க வர வேண்டும் என்பது அங்கே விதி. ஒருநாள் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்த கையோடு, சொல்லாமல் போய்விட்டேன். அம்மா நனைந்த படுக்கையில் பட்டனை அழுத்திக்கொண்டே கிடந்தார். யாரும் வரவில்லை. வயரைப் பிடித்து இழுத்தேன். மறுமுனை எதிலும் சேராமல் கட்டிலுக்கடியிலிருந்து கையோடு வந்தது.

"இதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷனுக்காக மாட்டுனதுங்க. வாசக் கட்டில்ல மட்டுந்தான் அடிக்கும்," என்றார் அங்கே வந்த மேனேஜர், கொஞ்சமும் கூசாமல். வயரை அவர் முன்னால் வீசிக் கத்தினேன்.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"சண்ட போடாதம்மா. நீ பாத்துத்தானே சேத்த? எனக்குத்தான் சரியா அழுத்தத் தெரியலன்னு நெனச்சேன்."

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில்தான் நான் இருக்கிறேன். ஆனாலும் தாகமெடுத்தால்கூட அவர் கூப்பிடுவதில்லை. நானாகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கிறார்.