கைதட்டலுக்கு ஒரு வரி

வெர்னா அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வெள்ளம் அவள் கணவன் ரோலண்டைக் கொண்டுபோனது. இடுப்பளவு சேற்றில் இறங்கி அவன் உடலைத் தேடி எடுத்து வந்தவர் பக்கத்து வீட்டு லோவெல்.

லோவெல் எதிர்க்கட்சி. தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு முற்றத்திலும் வேறு வேறு வேட்பாளரின் பெயர்ப் பலகை நிற்கும். அதைச் சொல்லி ஒருவரையொருவர் வாரிக்கொண்டே காபி குடிப்பார்கள். அவள் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம், அவருடையது இவளிடம்.

வெர்னாவின் கட்சி நடத்திய தேசிய மாநாட்டில் பேச ஒரு சாதாரண மனுஷி தேவைப்பட்டது. வெர்னாவிடம் துக்கம் இருந்தது, முகமும் பாந்தமாக இருந்தது. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

"போய்ட்டு வா. ரோலண்டைப் பத்தி நல்லாச் சொல்லு," என்றார் லோவெல். "என் பேரை மட்டும் சொல்லிடாதே. எங்காளுங்க என்னைக் கட்சிய விட்டே தூக்கிடுவாங்க."

அவள் எழுதிப்போனதில் பாதி லோவெல்தான். பேச்சைச் சரிபார்த்த இளம்பெண் அதையெல்லாம் அடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அந்தக் கட்சிலயும் நல்லவங்க இருக்காங்கன்னு சொல்லவா இவ்வளவு பெரிய அரங்கம் எடுத்திருக்கோம்?"

வெர்னா சண்டை போட்டுப் பார்த்தாள். 'பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தேடினார்' என்ற வரி மட்டும் மிஞ்சியது.

மேடையில், எதிரே இருந்த கண்ணாடியில், பார்த்துப் படிக்க வேண்டிய பேச்சின் எழுத்துகள் ஓடின. ஆற்றங்கரையைப் பலப்படுத்தப் பணம் கேட்டோம், அந்தக் கட்சிக்காரர்கள் தர மறுத்தார்கள் என்று படித்தாள். கூட்டத்தை நடத்தும் மஞ்சள் மேலங்கித் தொண்டர்கள் கையசைக்க, முழக்க அட்டைகள் காடாக உயர்ந்தன. அரங்கம் ஊளையிட்டது. சத்தம் அடங்கட்டும் என்று கண்ணாடியில் எழுத்துகள் நின்றன. அங்கே அவள் சும்மா நின்றிருக்க வேண்டும். பஸ்ஸில் பிள்ளைகள்கூட அவள் பேச்சைக் கேட்டதில்லை. இங்கே இத்தனை பேர் அடுத்த சொல்லுக்காக வாயைப் பார்த்திருந்தார்கள். போதை ஏறாமல் இருக்குமா?

"அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒவ்வொருத்தன் கையிலயும் என் புருஷன் ரத்தம் இருக்கு!"

அதை யாரும் எழுதித் தரவில்லை. அரங்கம் எழுந்து நின்றது. அவளுக்கு இனித்தது.

ஊர் திரும்பியபோது அவள் முற்றத்துப் புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. லோவெல்தான் வெட்டியிருப்பார்; அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. சற்று நேரத்தில் லோவெல் வந்தார், படியேறவில்லை.

"டிவில பாத்தேன்."

"லோவெல், அது... அவங்க எழுதிக் குடுத்தது. படிக்கச் சொன்னாங்க, படிச்சேன்."

"எழுதிக் குடுத்ததா?"

"ஆமா. சத்தியமா."

அவர் தலை குனிந்துகொண்டார். "காலையில உங்க கட்சிப் பொண்ணு ஒண்ணு டிவில பெருமையாச் சொல்லிச்சு. அந்த வரி பேச்சுலயே இல்லையாம். உன் நெஞ்சுலேர்ந்து தானா வந்துச்சாம்."

வெர்னா பொய்யாவது சொல்லாமல் இருந்திருக்கலாம், பாவி.

அவள் வீட்டுச் சாவியை எடுத்துப் படிமேல் வைத்தார்.

"ரோலண்டைத் தூக்கிட்டு வந்தப்ப என் கையில சேறுதான் இருந்துச்சு, வெர்னா. நீதான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டே."

தன் வீட்டுச் சாவியை அவர் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் பூட்டையே மாற்றிவிட்டார்.