கழற்றிய கண்

அந்த மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கண் இருந்தது. தேங்காய் அளவுக்குப் பெரியது. கண் ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறை அம்மா அதை இரண்டாகப் பிரித்து, உள்ளிருந்த லென்ஸைக் கழற்றிக் காட்டினார். "இதுலதான் புரை விழுந்திருக்கு. இதை எடுத்துட்டுப் புதுசு வைப்போம். புரிஞ்சுதா ஐயா?" நைனா, என் அப்பா, தலையாட்டினார். "நல்லாப் புரிஞ்சிச்சும்மா."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நைனா அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அளவுகள் தப்பின; அவரைக் கேட் காவல் வேலைக்கு மாற்றப்போவதாகக் கம்பெனியில் பேச்சு அடிபட்டது. அவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. ஆனால் மேனாம்பேட்டு வீட்டில் மனிதர் ஒரு நிலையில் இல்லை. உட்காருவார், எழுந்திருப்பார், தெருமுனை வரை போய்த் திரும்புவார். என்னவென்று கேட்டால் எரிந்து விழுவார். அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊட்டுக்குப் போலாம் வா" என்றார். ஓடிப்போய் அந்த அம்மாவை அழைத்து வந்தேன். அவர் அதட்டவில்லை, மறுபடி விளக்கவும் இல்லை. நைனாவின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நாங்க என்ன பண்ணப் போறோம்னு நீங்க சொல்லுங்க ஐயா. கேக்கறேன்."

நைனா கொட்டித் தீர்த்துவிட்டார். "கண்ணைக் கழட்டி வெளிய எடுப்பீங்கோ. ரெண்டாப் பிரிச்சு லென்ஸ மாத்துவீங்கோ. அப்பறம் திருப்பி மாட்டுவீங்கோ. இத்தினி வருசமா லேத்து ஓட்டிக்கினு கீறேன்மா. சக்குலேர்ந்து ஜாப்பை ஒருதபா கழட்டிட்டா, திருப்பி அதே சென்டர் வராது. கண்ணு கோணிக்கினா இன்னா பண்றது?"

"சக்குன்னா?"

"ஜாப்பைக் கவ்விப் புடிக்கிறதும்மா. ஜாப்புன்னா நாங்க கடையற இரும்பு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஜாப்பைக் கழட்டவே மாட்டோம் ஐயா. அது சக்குலயே இருக்கும்" என்றார். நைனா எழுந்து உள்ளே போனார். ரிட்டயர் ஆகும்வரை லேத்தை விட்டு அவரை யாரும் நகர்த்தவில்லை.

போன வாரம் என் கண்ணுக்கு நாள் குறித்தார்கள். குளிரூட்டிய அறை, திரையில் அழகான படம். "எல்லாம் புரிஞ்சுதா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "நல்லாப் புரிஞ்சுது" என்றேன். திருப்தியா என்று கேட்ட கருவியில் சிரித்த முகத்தை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். வண்டிவரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். இருப்புக் கொள்ளவில்லை.

உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசை ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் கண்ணை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நான் சொல்றேன்மா. சரியான்னு பாருங்க."