முகம் கீழே, முதுகு மேலே

2022ஆம் ஆண்டு மார்ச் 14, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு முத்துக்கருப்பன் என்னை முதன்முதலாகச் சந்தித்தார். அமராவதிபுதூர் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் செயலாளர். வந்தவர் நன்கொடை தருபவராக இருக்கலாம் என்று எண்ணி நாற்காலி போடச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"ஐயா, இங்க என்னென்ன வீணாப் போகுது?" என்றார்.

ஒன்றும் வீணாவதில்லை என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாக. கொல்லை எங்குட்டு இருக்கு?" என்றவர், விடைக்குக் காத்திராமல் நடந்தார். திரும்பி வந்தபோது கையில் எங்கள் சமையற்கட்டுச் சாம்பல் ஒரு பிடி இருந்தது. மறுவாரம் முதல் அந்தச் சாம்பல் ஒரு கீரைத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கிருந்து எங்களுக்குக் கீரை வந்தது. இரண்டுக்கும் நடுவில் அவருடைய மொபெட் ஓடியது.

கண்டரமாணிக்கத்துக்காரர். காரைக்குடியில் பேனர் அச்சிடும் கடை ஒன்றில் நெடுங்காலம் பேனர் கட்டும் வேலை பார்த்தவர். பிறகு, கடைகளும் தொண்டு அமைப்புகளும் பொருள்களைக் குப்பையில் எறியாமல் தொழில் நடத்த உதவும் ஒரு சிறிய அறக்கட்டளையில் சேர்ந்தார். 'சுழற்சிப் பொருளாதார ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் கடைசி வரை படித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆகையால், "ஒருத்தர் தூக்கிப் போடுறது இன்னொருத்தருக்கு வேணும், நடுவுல நான்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பழைய பேனர்தான். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம், மரணம் எதுவாயினும் உரியவரின் முகம் ஆளுயரத்தில் தெருமுனையில் நிற்கும். விசேஷம் முடிந்தபின் அந்த முகத்தைக் கேட்பாரில்லை. முத்துக்கருப்பன் கடைக்காரர்களிடம் பேசி, வீட்டாரின் சம்மதத்தோடு அவற்றைக் கழற்றி, மாட்டுத் தொழுவத்துக்கும் விறகுக் கடைக்கும் செங்கல் சூளைக்கும் கொடுத்தார். முகத்தின் மேல் வெயிலும் காக்கை எச்சமும் படக் கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். எனவே அவர் ஒரு விதி செய்தார்: முகம் கீழே, முதுகு மேலே. தொழுவத்துக் கூரையில் அப்படிப் போட்டால் உள்ளிருக்கும் மாடு மணமக்களைப் பார்த்தபடி அசைபோடும். மாடுகள் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

மறு ஆண்டு வைகாசியில் அந்த விதிக்குச் சோதனை வந்தது.

மாசியில் காலமான லட்சுமணன் செட்டியாரின் பெயரால் எங்கள் இல்லத்துக்கு ஓர் உணவுக்கூடம் கட்டித்தர அவர் மனைவி தேனம்மை ஆச்சி முன்வந்தார். குன்றக்குடிக்கு அப்பால் பாண்டிமுருகனின் சூளையில் செங்கல் சொல்லியிருந்தோம். கல்லைத் தாமே பார்க்க வேண்டும் என்று ஆச்சி விரும்பியதால் காரில் அழைத்துப் போனேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சூளை தெரிந்ததும் ஆச்சி ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

"காளிராஜ், வண்டிய நிப்பாட்டு. அந்தா செட்டியார் படுத்திருக்காக."

காளிராஜ் நிறுத்தினார். சுடாத பச்சைக்கல் அடுக்கின்மேல் செட்டியார் கைகூப்பிச் சிரித்தபடி மல்லாந்திருந்தார். பக்கத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது. சிங்கப்பூர் திரும்பும் அவசரத்தில் இருந்த மகன், பேனரை எடுத்துக்கொள்ளுமாறு முத்துக்கருப்பனிடம் சொல்லியிருக்கிறார். ஆச்சிக்கு அது தெரியாது.

"இவுகள யாருய்யா இங்க கொண்டாந்து போட்டது?"

பாண்டிமுருகன் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். "கோவிச்சுக்கிறாதீக ஆச்சி. முத்துக்கருப்பண்ணன் குடுத்தது. குப்புறப் போடச் சொல்லித்தான் குடுத்தாரு. மத்ததெல்லாம் குப்புறத்தான் கெடக்கு, பாருங்க. ஐயாவுக்கு எத்தனை லோடு கல்லு அடிச்சிருக்கேன்! அவுக முகத்த மண்ணுல அமுக்க மனசு வரல. அதான் மல்லாக்கப் போட்டேன்."

"மல்லாக்கப் போட்டா மழை மூஞ்சில அடிக்காதா?"

"அடிக்கும் ஆச்சி."

"அவுகளுக்கு மழைத்தண்ணி ஒத்துக்கிறாது. எடு."

"எடுத்தாக் கல்லு கரைஞ்சுரும் ஆச்சி. உங்க கூடத்துக்கு அறுத்த கல்லுதான் அம்புட்டும்."

"கரைஞ்சா வேற அறு."

"இனிமே தையிலதான் மண்ணு மிதிக்க முடியும். கல்லு அறுத்த சனம் கூலிக்கு உக்காந்திருக்கு. கரைஞ்சு போனா நான் ஊர விட்டுத்தான் ஓடணும்."

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று நான் கூறினேன். இரு தரப்பும் அதைக் கேட்கவில்லை. முதல் துளிகள் விழுந்தன.

அந்த நேரத்தில் முத்துக்கருப்பன் மொபெட்டில் அவ்வழியே வந்தார். முன்னால் ஒரு புதிய பேனர் சுருளாகக் கிடந்தது. மறுநாள் அவர் மகள் அகல்யாவுக்குக் கண்டரமாணிக்கத்தில் கல்யாணம். பேனரே வேண்டாம் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் ஏணி வச்சு ஏறிக் கட்டுனீக, பெத்த பிள்ளைக்குக் கட்ட மாட்டீகளோ?" என்று மனைவி நாகவல்லி கேட்ட பிறகு அச்சடித்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்தினார், ஆச்சியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. பாண்டிமுருகனை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, செட்டியாரின் முகம் உள்ளே இருக்கும்படி பட்டுப்புடவை மடிப்பதுபோல மடித்து ஆச்சியின் கையில் கொடுத்தார். பிறகு தம் சுருளை அவிழ்த்துக் கல்லின் மேல் கவிழ்த்தார்.

ஆச்சி அதற்குள் பார்த்துவிட்டார். "அது யாரு பிள்ளை?"

"எம் பொண்ணு ஆச்சி. நாளைக்குக் கல்யாணம்."

"கல்யாணப் பொண்ணக் குப்புறப் போடுறியேப்பா!"

"ஊரு முகத்தையெல்லாம் குப்புறப் போட்டவன் நான். எம் பொண்ண மட்டும் மல்லாக்கப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"மாப்பிள்ளையும்ல இருக்காக?"

"அவரு ஓரமாத்தான் இருக்காரு ஆச்சி."

நான்கு மூலையிலும் கல் வைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காரில் ஏறும்போது ஆச்சி, "பொழுது விடியுறதுக்குள்ள புதுசு ஒண்ணு அடிச்சுத் தந்துருவேன்; அது என் பொறுப்பு" என்றார். அன்றிரவு காரைக்குடியில் மின்சாரம் இல்லை. எந்தக் கடையிலும் எதையும் அச்சிட முடியவில்லை. மழையும் விடியும்வரை விடவில்லை. கல் மேலிருந்த பேனரை யாரும் தொடவில்லை.

கல்யாணம் பேனர் இல்லாமல் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், "பொண்ணு வீட்டுப் பேனரு எங்குட்டு இருக்கு?" என்று பந்தியில் விசாரித்தார். "சூளையில" என்றார் முத்துக்கருப்பன். சம்பந்தி வீட்டார் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். நாகவல்லி சிரிக்கவில்லை. அவர் கணவரோடு மறுபடி பேசியது ஆடி பிறந்த பிறகுதான்.

கல் கரையவில்லை. சுட்டெடுத்து, கூலி கொடுத்து, பாண்டிமுருகன் ஊரிலேயே இருக்கிறார். பேனரை எடுத்தபோது மணமக்கள் மீது செம்மண் அப்பிக் கிடந்தது, கழுவியும் போகவில்லை. உணவுக்கூடம் எழுந்துவிட்டது. ஆச்சிக்கு அதன்பின் உடல்நலம் குன்றி, மறதியும் சேர்ந்துகொண்டது.

சென்ற ஆண்டு அகல்யாவின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். முத்துக்கருப்பனும் நாகவல்லியும் பத்திரிகை கொடுக்க ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அங்கிருந்தேன். ஆச்சி பத்திரிகையைக் கண்ணருகில் வைத்து முழுவதும் படித்தார். "விசேஷத்துக்கு ஏதாச்சும் நான் செய்யணுமாப்பா?" என்று கேட்டார்.

நாகவல்லி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வந்தாப் போதும் ஆச்சி" என்றார் முத்துக்கருப்பன்.